கொள்ளுத்தாத்தாவைப் பொறுக்கி எடுத்தவர்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வம்சம் என்றால்தான் தெரியும். முடிதிருத்தும் கடையில் "வம்சம் வருது" என்று ஒருவர் வாய்க்குள்ளேயே சொன்னால் போதும், வரிசைக்குக் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்கள். மாட்டிக்கொண்டால் முக்கால் மணி நேரம் போச்சு. கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தா எப்படிப்பட்டவர், அவர் தலையசைத்தால் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள் என்பதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் தலைமுடியை வெட்டிக்கொள்ள முடியும்.

தபால் நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் கடிதம் பிரித்துப் போட்டவர் அவர். சேர்ந்த நாளில் எந்தப் பலகைக்கு முன்னால் நின்றாரோ, ஓய்வு பெற்ற நாளிலும் அதே பலகைக்கு முன்னால்தான் நின்றார். இடையில் ஆறு பேர் அவருக்குப் பின்னால் வந்து அவருக்கு மேலே போனார்கள். வழியனுப்பும்போது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை மாட்டிவிட்டு உட்கார்ந்தவருக்கு, தன்னை ஒருவரும் மதிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். இருக்கிறவர்கள் தராத மரியாதையைச் செத்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று, குடையை எடுத்துக்கொண்டு, பழைய கப்பல் ஏடுகள் இருக்கும் பதிவறைக்குக் கிளம்பிவிட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவருடைய ஒரே தங்கை. அரசாங்க ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் அவள்தான். அது முடிந்தபோது வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அண்ணன் அவளை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "என் தங்கச்சி, ஆஸ்பத்திரியில இருக்கா" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒருமுறை அப்படி அறிமுகமான ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துக் காட்டி, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதே, பார்த்துச் சொல்லம்மா என்று கேட்டுவிட்டார். அண்ணன் கூரையைப் பார்த்தார். அவள், "நான் போர்வை துவைக்கிறவ ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு மாதம் அண்ணன் பேசவில்லை. அந்த ஒரு மாதம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

யாரையும் இளக்காரமாக நினைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அது பாவம் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஆனால் அண்ணன் வாயைத் திறந்தால் அந்த நினைப்பு தானாக வந்துவிடும், கொட்டாவி வருவதுபோல. அவளால் அடக்க முடிந்ததெல்லாம் முகத்தை மட்டும்தான்.

குடும்பத்தில் கப்பல்காலத்துச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு பித்தளை வில்லை. காசு அளவு, மேலே ஒரு துளை, நடுவில் 217 என்று அடித்த எண். அந்தக் காலத்தில் கப்பலில் கூலிக்கு வந்தவர்கள் கழுத்தில் கட்டிவிட்டது. அப்பா அதைப்பற்றி ஒன்றும் சொன்னதில்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள் நாம் என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆணா பெண்ணா, எந்த வருஷம், எந்தக் கப்பல், எதுவும் தெரியாது. தெரியாத இடமெல்லாம் அண்ணனுக்கு நிரப்பிக்கொள்ள வசதியாகப் போய்விட்டது.

பதிவறையில் அவர் எண்ணை வைத்துத் தேடினார். அந்தச் சில வருஷங்களில் பதினொரு கப்பல்கள் வந்திருந்தன. ஒவ்வொரு கப்பலின் ஏட்டிலும் ஒரு 217 இருந்தது. கடலிலேயே செத்துப்போன 217, சமையல்கார 217, கப்பலை விட்டு இறங்கியதும் ஓடிப்போன 217 என்று வரிசையாக இருந்தார்கள். அவர்களில் ஒருவன் செங்கல் சூளையில் மேஸ்திரி. அந்த வரிக்கு வந்ததும் அண்ணனின் விரல் நின்றுவிட்டது. காய்கறிக் கூடையில் கை விட்டு நல்லதாக ஒன்றைப் பொறுக்குவதுபோல, கொள்ளுத்தாத்தாவைப் பொறுக்கி எடுத்துவிட்டார். அதே சூளைக்கு அனுப்பப்பட்ட இன்னொரு 217-உம் இருந்தது. ஆனால் அந்த வரியில் 'பெண்' என்று போட்டிருந்தது. அங்கே அவர் விரல் நிற்கவே இல்லை.

பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். தபால் நிலையத்தில் அவருக்குக் கிடைக்காத பதவி உயர்வையெல்லாம் அந்த மேஸ்திரிக்குக் கொடுக்க ஆரம்பித்தார். முதல் மாதம் மேஸ்திரி, மழைக்காலம் வருவதற்குள் மேற்பார்வையாளர், அதற்கடுத்து நிர்வாகி. அச்சுக்குக் கொடுத்த குடும்ப வரலாற்றுப் புத்தகத்தில் 'தொழில் முன்னோடி' என்று ஆகியிருந்தான். அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தங்கைக்கும் ஒரு வரி இருந்தது: மருத்துவத் துறை. 

இதற்கிடையில் பதிவறையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பழைய துறைமுகக் கட்டடத்தின் சுவரில், கப்பலில் வந்தவர்களுக்காகக் கல் பதிக்கப்போகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கல்தான். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததைப் பெயர் என்று எழுதிவைத்ததால், ஒரே ஆளுக்கு நாலு ஏட்டில் நாலு பெயர். ஆகவே கப்பல், எண், பார்த்த வேலை, இந்த மூன்று மட்டும் பொறிப்பார்கள். வில்லையைக் கொண்டுவந்து ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் மறுப்பு எழுதிக் கொடுத்தால் அந்தக் கல் வெறுமையாக விடப்படும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வில்லையைப் படமெடுக்க வேண்டும், அழுக்காக இருக்கிறது, துலக்கிக்கொண்டு வா என்று அண்ணன் தங்கையிடம் கொடுத்தார். துவைக்கிற கைதானே என்று அண்ணி சேர்த்துக்கொண்டாள். அண்ணிக்கு நாத்தனாரைப் பார்த்தால் ஜன்னலைத் திறக்கத் தோன்றும். வெளுப்புத்தூள் வாடை வருகிறதாம்.

தங்கை பல்பொடி போட்டுத் தேய்த்தாள். நூறு வருஷத்துக் கறுப்பு கரைந்து ஓட, வில்லையின் விளிம்பில் மூன்று வெட்டு தெரிந்தது. தேய்மானம் இல்லை. அரம் வைத்து, ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் போட்டது.

வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவளுக்கு அது விடக்கூடிய விஷயம் இல்லை. சலவைப் பிரிவில், நோயாளிகளின் சொந்தத் துணிமூட்டைக்கு உலோக வில்லைதான் கட்டுவார்கள். எண் ஒவ்வொரு வார்டுக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும். எந்த வார்டு என்பதற்கு விளிம்பில் வெட்டு. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு இரண்டு, குழந்தைகளுக்கு மூன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெட்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து மூட்டையைக் கொடுத்தாள். ஓய்வுபெற்ற காவல்காரர் ஒருவருக்குப் பூப்போட்ட பாவாடை போய்ச் சேர்ந்தது. அவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்க நடந்தார். அன்று கற்றுக்கொண்டது, வெட்டைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்கக் கூடாது என்று.

வில்லையை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் வார விடுமுறையில் பதிவறைக்குப் போனாள். நீளமான அறை, தாழ்வான மேசைகள். பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். ஏட்டைத் தலையணை மாதிரி ஒன்றின்மேல் வைத்துத்தான் திறக்க வேண்டும். அங்கே பொறுப்பில் இருந்த ஓர் அம்மாவிடம் மூன்று வெட்டு என்று சொன்னாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் வெட்டைப்பற்றிக் கேட்டது நீங்கள் மூன்றாவது ஆள் என்றார். ஒவ்வொரு கப்பல் ஏட்டின் முதல் பக்கத்திலும் அந்தக் கப்பலின் வெட்டு மையால் வரைந்திருந்தது. மேஸ்திரி வந்த கப்பலுக்கு வெட்டே இல்லை, வழவழவென்று வட்டம். மூன்று வெட்டுக் கப்பலில் 217, பெண். வயது பத்தொன்பது. கூட வந்தவர்கள் யாருமில்லை. வேலை, செங்கல் சுமத்தல்.

பழைய கையெழுத்தைப் பதிவறை அம்மா படித்துச் சொல்லச் சொல்ல, இவள் பென்சிலால் எழுதிக்கொண்டாள். சூளையின் வேலையாள் ஏட்டில் அந்தப் பெண் இருந்தாள். அதற்கடுத்துப் புகார் ஏட்டிலும் இருந்தாள், ஒன்றல்ல, நாலு இடத்தில். ஈரச் செங்கல் சுமக்க மறுத்ததற்கு அச்சுப்பலகையால் தோளில் அடித்தது. காய்ச்சலில் படுத்திருந்தவளை இழுத்து வெளியே போட்டது. பங்குச் சோற்றை நிறுத்தியது. மறுபடியும் அடித்தது. நாலு புகாரும் ஒரே ஆள்மேல். மேஸ்திரி, வெட்டில்லாக் கப்பல், எண் 217.

முதல் புகாருக்குக் கிடைத்த தீர்ப்பு, அனுமதியில்லாமல் சூளையை விட்டு வந்ததற்காக அவளுக்கே எட்டு நாள் கழிவறை சுத்தம். இரண்டாவதுக்குப் பதினைந்து நாள். மூன்றாவதுக்கு ஒரு மாதம். நாலாவது தடவை அதிகாரி வேறொன்றும் எழுதவில்லை. 'இந்தப் பெண் மறுபடியும் வந்திருக்கிறாள்' என்று ஒரு வரி. அதன் கீழே, மேஸ்திரியை வேறு சூளைக்கு மாற்றும் உத்தரவு. அதே வருஷக் கடைசியில் பிறப்பு ஏட்டில் ஓர் ஆண் குழந்தை. தாய், மூன்று வெட்டு 217. தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு. அந்தக் குழந்தைதான் அவர்களுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா. பிறந்த தேதி அப்பாவின் பழைய காகிதங்களில் இருந்ததோடு அச்சாகப் பொருந்தியது.

தன்னை அடித்தவனுக்கு, தன் வயிற்றில் வந்த வம்சமே கல் பதிக்கப்போகிறது என்று அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்லியிருந்தால் அவள் ஐந்தாவது புகாருக்குப் போயிருப்பாள். இப்போது அதை எழுதிக்கொடுக்க வேண்டியவள் தான்தான் என்று தங்கைக்குப் பட்டது. 

புதன்கிழமை வேலை முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் அண்ணி புத்தக வெளியீட்டு அழைப்பிதழ்களை மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை சொன்னதைக் கேட்டதும் அண்ணன் முதலில் சிரித்தார். மூன்று வெட்டு எலி கடித்ததாக இருக்கும் என்றார். பித்தளையையா என்று அண்ணியே கேட்டுவிட்டாள். கப்பலுக்குக் கப்பல் வெட்டு மாறும் என்பதற்கு என்ன அத்தாட்சி, சலவைக்காரி சொன்னால் சரித்திரம் ஆகிவிடுமா என்று அடுத்த கேள்வி.

"அண்ணா, நீ தபால்ல இருந்தவன். தெரு பேர் இல்லாம வெறும் கதவு நம்பர் போட்டு ஒரு கடிதாசி வந்தா என்ன பண்ணுவ?"

அவருக்குப் பதில் தெரியாமல் இல்லை, முப்பத்து நாலு வருஷம் அப்படிப்பட்ட கடிதங்களை ஒதுக்கி வைத்தவர்தான். அவள் பென்சிலால் எழுதிவந்த நகல்களை வாங்கிப் படித்தார். நாலு புகாரையும் படித்தார். படிக்கும்போது முகம் சுருங்கிக்கொண்டே போனதைப் பார்த்து, அண்ணனுக்கும் உள்ளே ஏதோ ஒரு மூலையில் மனுஷத்தன்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவள் ஒரு நிமிஷம் நம்பினாள். ஆண்டவன் அந்த நம்பிக்கையை ஒரு நிமிஷத்துக்கு மேல் வைக்கவில்லை. பிறப்பு ஏட்டின் நகலுக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்பா பேர் போடலையே. கோடு மட்டும்தானே இருக்கு?"

ஆமாம் என்றாள்.

"அதே சூளை. அதே வருஷம். இவர் அங்கதான் இருந்திருக்கார்." விரலால் மேசையைத் தட்டினார். "அப்ப இவரேதான் அப்பான்னு வச்சுக்கலாமே. எப்படிப் பார்த்தாலும் நம்ம ரத்தம்தான். புத்தகத்துல ஒரு வரி மாத்த வேண்டாம்."

அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. பலகையால் அடி வாங்கினவளை இன்னொரு தடவை அவனிடமே தூக்கிக் கொடுக்கிறார். எதற்கு? அச்சான புத்தகம் வீணாகக் கூடாது என்பதற்கு. இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரி அழுக்கைப் பார்க்கிறாள். ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் கொதிநீரில் போட்டால் போய்விடும். இது எதில் போட்டாலும் போகாத ஜாதி.

"அப்படியே இருந்தாலும், அவன் பேர்லயா கல்லு வைப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது. மேஸ்திரின்னா அந்தக் காலத்துல என்ன மரியாதை தெரியுமா? கக்கூஸ் கழுவினவள்னா சுவத்துல எழுதச் சொல்ற?"

அண்ணி மடித்துக்கொண்டிருந்த அழைப்பிதழைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். வெல்வெட் துணிமேல் வைத்திருந்த வில்லையை எடுத்துக்கொண்டு வந்து நாத்தனாரின் கையைப் பிடித்து அதில் வைத்தாள். இருபது வருஷத்தில் அண்ணி அவள் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"எடுத்துட்டுப் போ," என்றாள். "இந்த மனுஷன் கையில இது இருக்க வேணாம்."

அண்ணன் தன் பெண்டாட்டியைப் பார்த்த பார்வையில், பதவி உயர்வுப் பட்டியலில் ஏழாவது தடவையாகத் தன் பெயர் விட்டுப்போனவரின் திகைப்பு இருந்தது. பிறகு எழுந்து நின்று, மறுப்பு எழுதிக் கொடுப்பேன் என்றார். கல் வெறுமையாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், கழிவறைக்காரி பெயரில் இருக்காது என்று தங்கையின் முதுகைப் பார்த்துச் சொன்னார். அவளுக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஒன்றைக் கட்டத் தெரியாதவர்களுக்கு இன்னொருவர் கட்டுவதைக் கெடுக்க நன்றாகத் தெரியும். மறுப்பு ஒரே ஒரு தாள். அதை எழுதிக் கொடுத்தால், நாலு தடவை நடந்துபோய் நின்ற அந்தப் பெண்ணுக்கு ஐந்தாவது தடவை இல்லை என்றாகிவிடும்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு அவள் பதிவறை முகப்பில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வந்தார். தேய்த்த சட்டை, பையில் தங்கமுலாம் மூடி போட்ட பேனா, கையில் அந்தப் புத்தகம். தங்கை இருப்பதையே காணாததுபோல நேரே போய், மறுப்புத் தாள் வேண்டும் என்று கேட்டார். பதிவறை அம்மா எடுத்துக் கொடுத்தார். முகப்பு மேசையில் பேனாவுக்குத் தடையில்லை.

தாளில் இருந்தது ஒரே கேள்விதான். நீங்கள் மாற்றாகச் சொல்லும் ஆள் உங்களுக்கு எந்த வழியில் முன்னோர் ஆகிறார்? கீழே பத்து வரி. அடியில் கையெழுத்து, முகவரி. எழுதிய தாள், எந்த ஏட்டைப்பற்றியதோ அந்த ஏட்டின் கடைசியில் சேர்த்துத் தைக்கப்படும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

அண்ணன் மூடியைக் கழற்றினார். 'மேற்படி மேஸ்திரி அவர்கள் மேற்படி பெண்ணை' என்று எழுதினார். அங்கே பேனா நின்றது. தங்கை இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இன்னொன்று கேட்டார். இந்தத் தடவை பெண்ணிலிருந்து தொடங்கினார். அதுவும் அதே இடத்தில் வந்து நின்றது. எப்படிச் சுற்றி வந்தாலும் நடுவில் ஒரு வினைச்சொல் போட வேண்டியிருக்கிறது, அதைப் போட்டால் அடியில் தன் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காரணம் என்ற இடத்தில் 'குடும்பப் பாரம்பரியம்' என்று போட்டால் போதாதா என்று முகப்புக்குப் போய்த் தணிந்த குரலில் விசாரித்தார்.

"இல்ல சார். அவர் எப்படி உங்களுக்குச் சொந்தம்னு எழுதணும். நாலு மணிக்கு மூடிடுவோம்."

மூன்றாவது தாளை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், முதல்முறையாகத் தங்கையின் பக்கம் திரும்பினார். வெட்கமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம்.

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"வீட்ல வாயால சொன்னதுதானே அண்ணா. அதையே எழுது."

அவர் எழுதவில்லை. பெண்டாட்டி எதிரில், தங்கை எதிரில், அழைப்பிதழை மடிக்கிற நேரத்தில் அவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்ததை, முன்பின் தெரியாதவர்கள் படிப்பார்கள் என்றதும் எழுத முடியவில்லை. அந்தப் பெண்ணுக்காக அவர் கை நின்றிருந்தால் அவள் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள். நின்றது அவர் கையெழுத்துக்காக. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பேனாவை மூடினார். வயிறு சரியில்லை என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் வில்லையை முகப்பில் வைத்தாள். பதிவறை அம்மா விளிம்பைத் தடவி வெட்டை எண்ணிக்கொண்டார். ஏட்டில் இரண்டு வேலை போட்டிருக்கிறதே, செங்கல் சுமந்ததா, கழிவறை சுத்தம் செய்ததா, கல்லில் எதைப் போடட்டும் என்று கேட்டார்.

"இடம் இருக்குமா?"

"இருக்கும்."

"ரெண்டையும் போடுங்கம்மா."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால், பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே பேருந்துதான். அவர் முன்பக்கம் ஏறினார், அவள் பின்பக்கம் ஏறினாள். அவர் பிடரியைப் பார்த்தபடி, இந்த மனுஷனுக்கு நல்ல புத்தி கொடு ஆண்டவனே என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கினாள். பாதிக்கு மேல் வரவில்லை. கட்டாயப்படுத்திச் சொன்னால் அது வேண்டுதலே இல்லை. நாளைக்கு வருகிறதா பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.